ஐந்து எண்களின் கூடுதல்

பதினாலும் பதினெட்டும் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டும் இருபதும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டும் இருபத்திரண்டும் எழுபத்து நாலு, எழுபத்து நாலும் இருபத்தாறும் நூறு. நூறேதான். கீழேயிருந்து மேலே போனாலும் நூறு, நடுவில் இருபதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிரிந்து போனாலும் நூறு. கேள்வித்தாள் தயாரித்த மகராசன் யாரோ, பிள்ளைகள் சிரமப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அமைத்துக் கொடுத்த நூறு. ஐந்தால் வகுத்தால் சராசரி இருபது, விலக்கங்கள் எல்லாம் முழு எண்கள், கடைசியில் திட்ட விலக்கம் நாலு என்று அலுங்காமல் வந்து உட்கார வேண்டிய கணக்கு. ஆனால் சங்கரபாண்டியன் சாருக்கு முன்னால் விரிந்து கிடந்த விடைத்தாளில் கூடுதல் 101 என்று இருந்தது. தயங்கித் தயங்கி எழுதின 101 இல்லை. அடித்துத் திருத்தின 101 இல்லை. கீழே அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டு, அசைக்க முடியாதபடி நிறுத்தி வைத்த 101. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன்னுடைய நூறின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு தைரியமாக ஒருவர் நூற்றொன்று என்று சொல்லும்போது, முப்பது வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிற ஒரே காரணத்துக்காக நூறு என்று அடித்துச் சொல்லிவிட முடியுமா? மற்ற வாத்தியார்கள் சொல்லிவிடலாம். அவரால் முடியாது. அவர் மெமோ வாங்கினவர்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு பத்தாம் வகுப்பு மதிப்பீட்டு முகாமில், இதே மாதிரி மரபெஞ்சில் உட்கார்ந்து, இருபத்தேழும் முப்பத்திரண்டும் நாற்பத்தொன்பது என்று போட்டுவிட்டார். எப்படிப் போட்டோம் என்று அவருக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே யாரோ பழைய சைக்கிளைப் பூட்டத் தெரியாமல் பூட்டிக்கொண்டிருந்தான், அது ஒரு காரணமாக இருக்கலாம். வெண்டைக்காய்ப் பச்சடி சாப்பிட்டிருந்தார், அது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பிள்ளை மறுகூட்டலுக்குப் போட்டு, பத்து மதிப்பெண் கூடி, அதன்பின் ஒரு பழுப்புக் கவர் வந்தது. 'கணித ஆசிரியராக இருந்தும் கூட்டலில் தவறிழைத்தமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.' தவறிழைத்தமை அவருக்கு வலிக்கவில்லை, விளக்கம் கோரப்படுவதும் வலிக்கவில்லை, அந்த 'இருந்தும்'தான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அன்றைக்கு முதல் வீட்டில் மனைவி இசக்கியம்மாள் காய்கறி வாங்கும்போது அவரைப் பக்கத்தில் நிற்க விடுவதில்லை. "நீங்க உள்ள போங்க, முருங்கைக்காய நான் எண்ணிக்கிடுதேன்" என்பாள். சண்டைக்குச் சொல்வது இல்லை, உண்மையான கரிசனத்தோடு சொல்வது, அதனால் அவரும் உள்ளே போய்விடுவார். முப்பது வருஷம் ஒருத்தர் முன்னால் கணக்கு வாத்தியாராக வாழ்ந்துவிட்டு, கடைசியில் முருங்கைக்காய் எண்ணக்கூட உதவாதவராகிப் போவது லேசான காரியம் இல்லை. பதினாலும் பதினெட்டும் முப்பத்திரண்டு. சந்தேகமே இல்லை, நூறு.

சரி, நூறு என்றால் நூற்றொன்று தப்பு. தப்பு என்றால் சிவப்பு மையால் ஒரு சுழி, சூத்திரம் எழுதியதற்கு ஒரு மதிப்பெண், அடுத்த தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைதீன் பிச்சை அப்படித்தான் செய்வார், செய்துவிட்டு டீயும் குடித்துவிட்டு வந்துவிடுவார். மேலப்பாளையத்துக்காரர், கை வேகம், வாய் அதைவிட வேகம். "என்ன சார், காலையிலருந்து அந்த ஒரு தாள்லயே குடியேறிட்டீங்க? பால் காய்ச்சியாச்சா?" என்று ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாகிவிட்டது. ஆனால் சிக்கல் என்னவென்றால் இது அந்தத் தாளின் கடைசிக் கேள்வி. மற்றதெல்லாம் திருத்தி முடித்தாயிற்று. ஒரு மதிப்பெண் வினாக்களில் ஒன்பது, இரண்டு மதிப்பெண் பகுதியில் எட்டு, ஐந்து மதிப்பெண் பகுதியில் இதுவரை எட்டு, வடிவியல் படத்துக்கு ஆறு. ஒன்பதும் எட்டும் பதினேழு, பதினேழும் எட்டும் இருபத்தைந்து, இருபத்தைந்தும் ஆறும் முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். இந்தக் கணக்குக்கு ஐந்து மதிப்பெண். ஒன்று போட்டால் முப்பத்திரண்டு, தேறவில்லை. நாலு போட்டால் முப்பத்தைந்து, தேறிவிட்டார். இப்படி ஒரு தாள் கையில் வந்து மாட்டும் என்று காலையில் தெரிந்திருந்தால் சங்கரபாண்டியன் சார் வயிற்றுவலி என்று லீவு போட்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் அரைமார்க். அரைமார்க் வாராரு என்றால் வராந்தாவே அடங்கிவிடும். முடிவில் அலகு எழுதவில்லை என்றால் அரை, சமக்குறி ஒன்றன்கீழ் ஒன்றாக வரவில்லை என்றால் அரை. அப்பேர்ப்பட்டவர் ஒரு முழு நாலு மதிப்பெண்ணுக்கு முன்னால் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "விடைக்குறிப்புல சராசரி இருபதுன்னுதான போட்டிருக்கு? பின்ன என்ன சார் யோசன? ஃபார்முலாவுக்கு ஒண்ணு போட்டு அனுப்புங்க, அக்டோபர்ல எழுதிக்கிடட்டும்" என்றார் மைதீன். அக்டோபர் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

நூற்றொன்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நிம்மதியாகச் சுழி போட்டுவிடலாம். பதினெட்டைப் பத்தொன்பது என்று பார்த்து எழுதியிருப்பாரோ? இல்லை, அட்டவணையில் 14, 18, 20, 22, 26 என்று தெளிவாகவே இருக்கிறது. அப்புறம் சங்கரபாண்டியன் சார் செய்த காரியம், எந்தத் திருத்துகிறவரும் செய்யாத காரியம்: திருத்தி முடித்த பக்கங்களைப் பின்னால் புரட்டினார். வயதுக் கணக்கு. தந்தையின் வயது மகனின் வயதைப்போல் நான்கு மடங்கு, ஐந்து ஆண்டுகள் கழித்து மூன்று மடங்கு, இருவர் வயதையும் காண்க. மகன் வயது x, தந்தை வயது 4x என்று எடுத்துக்கொண்டிருக்கிறார், நல்லது. ஐந்து வருஷம் கழித்து 4x + 5 = 3(x + 5), நல்லது. அடைப்பை நீக்கினால் 4x + 5 = 3x + 15, இந்த இடத்தில்தான் பாதிப் பேர் மூன்றை x-க்கு மட்டும் கொடுத்துவிட்டு ஐந்தைப் பட்டினி போடுவார்கள், இவர் போடவில்லை. x = 10. தந்தை 4x, அதாவது 40. எல்லாம் தங்கமாக வந்து, அதற்கடுத்த வரியில் 'எனவே மகனின் வயது 11, தந்தையின் வயது 41' என்று எழுதியிருந்தது. முதலில் பார்த்தபோது அவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது என்று ஜாதகம் பார்க்கிறவர் சொல்கிற கணக்கு என்று மைதீனிடம் காட்டினார். அதைவிட, கீழே 'சரிபார்த்தல்' என்று தலைப்புப் போட்டு 41 + 5 = 46 என்றும், 3(11 + 5) = 48 என்றும் போட்டு, இரண்டும் ஒத்துப்போகாததைக் கண்டு கொஞ்சமும் கலங்காமல் 'ஏறக்குறைய சரி' என்று முடித்திருந்ததே, அந்த மனோதைரியத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க விடைக்குறிப்பில் இடமிருந்தால் கொடுத்திருப்பார். வழிக்கு மூன்று போட்டு, விடைக்கு இரண்டைக் குறைத்துவிட்டு வந்திருந்தார். இப்போது அந்தப் பதினொன்றையும் நாற்பத்தொன்றையும் இன்னொரு தடவை பார்த்தார். ஜாதகம் இல்லை இது. இன்னும் பின்னால் புரட்டினார். இரண்டு மதிப்பெண் பகுதியில் 210 வரவேண்டிய இடத்தில் 211. அதே பக்கத்தில் 17 வரவேண்டிய இடத்தில் 17-ஏ இருக்கிறது, 45 வரவேண்டிய இடத்தில் 45-ஏ இருக்கிறது, யாரும் அவற்றைத் தொடவில்லை. பூஜ்யத்தில் முடிகிற விடைகளில் மட்டும்தான் ஒன்று கூடியிருக்கிறது. சங்கரபாண்டியன் சாருக்குப் பிடரி சிலிர்த்துவிட்டது. அட, மொய்!

மொய்தான். நூறு கொடுத்தால் நூற்றியொன்று, ஐந்நூறு கொடுத்தால் ஐந்நூற்றியொன்று. ரூபாயைச் சுழியில் நிறுத்தினால் அத்தோடு முடிந்துபோகும், ஒன்று வைத்தால் மேலே மேலே வளரும். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை காதுகுத்தில், எத்தனை வருஷம் எழுதின கையோ, சுழி வந்தால் தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறது. பரீட்சை மண்டபத்திலும் சும்மா இருக்கவில்லை. இதில் சிரிக்க அவருக்கு மட்டும் என்ன யோக்கியதை? மச்சினர் மகள் கல்யாணத்தில் கவருக்குள் ஐந்நூறு வைத்து ஒட்டின பிறகுதான் ஒரு ரூபாய் இல்லை என்று தெரிந்தது. இசக்கியம்மாள் பதறிப்போய் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமாக ஒரு ரூபாய் கேட்டு அலைய, வேட்டிமடிப்பில் தேடி அவர் கொண்டுபோய்க் கொடுத்தது இரண்டு ரூபாய் நாணயமாகப் போய்விட்டது. ஐந்நூற்றிரண்டு என்று ஒரு மொய் உலகத்தில் உண்டா என்று மண்டபத்துக்கு வெளியே நின்று புருஷனும் பெண்டாட்டியும் தாலி கட்டி முடிகிற வரைக்கும் விவாதம் செய்தார்கள். கடைசியில் செருப்புக் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் சில்லறை மாற்றிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆக இது தெரியாத்தனம் இல்லை. கூட்டத் தெரிந்து, நூறு என்று கண்டுபிடித்து, அந்த நூறை நூறாக விட்டுவிட மனசு வராமல் செய்தது. யாராக இருக்கும்? முகப்பில் பெயர் கிடையாது, உண்மையான தேர்வு எண்ணும் கிடையாது. ஆனால் கையெழுத்து இருக்கிறதே. 'லை'யும் 'னை'யும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி இல்லை. தலைக்கு மேலே தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. தனித்தேர்வர்தான், சந்தேகமில்லை. ஐம்பது வயது இருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கலாம், பத்தாவது தேறினால்தான் அடுத்த வேலைக்கு எடுப்போம் என்று சொல்லியிருக்கலாம். டிரைவராக இருக்கலாம். பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒரு வீம்புக்கு எழுதுகிற அம்மாளாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் தன் வயசுக்காரர். தன்னைப்போலவே கூட்டலில் இடறினவர். அந்த நினைப்பு வந்ததும் சங்கரபாண்டியன் சாருக்குக் கோபம் வந்தது, தன் மேல்தான். திருத்துகிறவனுக்கு என்ன வேலை? தாளைப் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்கக் கூடாது. இரக்கம் பார்த்து நாலு போட்டால் அது பொய். பொய்க்கு இன்னொரு மெமோ வரும், வந்தால் இந்தத் தடவை 'இருந்தும்' என்று ஒரு தடவையோடு நிறுத்த மாட்டார்கள்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. முதல் படிதானே தப்பு? சராசரிக்கு ஒரு மதிப்பெண், அதைக் குறைத்துவிடலாம். மிச்சப் படிகள் எல்லாம் அந்தத் தப்பான சராசரிக்குத் தக்கபடி சரியாக வந்திருந்தால், அட்டவணைக்கு இரண்டு, சூத்திரத்துக்கு ஒன்று, விடைக்கு ஒன்று, நியாயமாகவே நாலு. ஆனால் ஒரு படிகூடச் சறுக்கியிருக்கக் கூடாது. விடைக்குறிப்பு இங்கே உதவாது, அதில் எல்லாம் முழு எண். இந்த ஆள் நடந்த முள்ளுப்பாதையில் தானும் நடந்து பார்த்தால்தான் தெரியும். மைதீன் கொண்டுவந்த பத்திரிகையை இழுத்து, ஒரு புடவைக் கடை விளம்பரத்தின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். 101 வகுத்தல் 5, சராசரி 20.2. ஆகா, முழு எண்ணாகப் போயிருக்க வேண்டியதைப் புள்ளிக்குள் கொண்டுபோய் மாட்டிக்கொண்டாரே. பதினாலிலிருந்து 20.2 போனால் –6.2. தாளைப் பார்த்தார், –6.2. பதினெட்டுக்கு –2.2, சரி. இருபதுக்கு –0.2, சரி. இருபத்திரண்டுக்கு 1.8, இருபத்தாறுக்கு 5.8, சரி, சரி. விலக்கங்களைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். கூட்டினார், –1 வந்தது. வைத்த மொய் அப்படியே கடனாகத் திரும்பி வந்து நிற்கிறது. இப்போது வர்க்கங்கள். 6.2-க்கு 38.44, சரி. 2.2-க்கு 4.84, சரி. 0.2-க்கு 0.04, இதில் எத்தனை பேர் 0.4 என்று எழுதிச் செத்திருக்கிறார்கள், இவர் சரியாக எழுதியிருக்கிறார். 1.8-க்கு 3.24. எல்லாம் சரி. 5.8-க்குத் தாளில் 33.64 என்று இருந்தது. அவருடைய கணக்கில் ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து, புள்ளி எட்டின் வர்க்கம் 0.64, ஆக 25.64.

போயிற்று. நாலு படி தாண்டி வந்து அஞ்சாவது படியில் காலை உடைத்துக்கொண்டாரே மனுஷர். எட்டு வித்தியாசம். அட்டவணையில் ஒன்று போய்விட்டால் முப்பத்து நாலு. முப்பத்து நாலு போல ஒரு கேவலமான எண் உலகத்தில் கிடையாது. முப்பத்திரண்டு என்றாலும் சரி படிக்கவில்லை என்று இருந்துவிடலாம், முப்பத்து நாலு என்பது ஆயுசுக்கும் தூங்க விடாது. பேனா முனை தாளுக்கு மேலே வந்து நின்றுவிட்டது, சிவப்புப் புள்ளி விழப்போகிறது. அப்போது, எட்டு ஏன், ஏன் துல்லியமாக எட்டே வித்தியாசம் என்று ஒரு பல்லி கௌளி அடித்த மாதிரி உள்ளே கேட்டது. ஐந்து, புள்ளி எட்டு. இரண்டு பெருக்கல் ஐந்து பெருக்கல் புள்ளி எட்டு. எட்டு! 2ab! சங்கரபாண்டியன் சாருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது. a கூட்டல் b மொத்தமும் வர்க்கம் என்றால் a வர்க்கம் கூட்டல் b வர்க்கம் என்று எழுதுகிற பிள்ளைகளை இத்தனை வருஷமாகப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினவர் அவர். '2ab-ய உங்க அப்பனா வந்து போடுவான்' என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர். இருபத்தைந்தும் எட்டும் முப்பத்து மூன்று, புள்ளி அறுபத்து நாலு. தாள்தான் சரி, வாத்தியார்தான் தப்பு. மைதீன் பார்த்துவிட்டாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். மைதீன் வேறு தாளில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். புடவைக்காரி முகத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த 25.64-ஐ மை கனக்கக் கனக்க அடித்தார், அடித்தது தெரியாதபடி அதன் மேல் ஒரு பூவும் வரைந்தார்.

இனி கூட்டல். 38.44-ம் 4.84-ம் 43.28, அதோடு 0.04 சேர்த்தால் 43.32, 3.24 சேர்த்தால் 46.56, 33.64 சேர்த்தால் 80.20. தாளில் 80.2. ஐந்தால் வகுத்தால் 16.04. தாளில் 16.04. சூத்திரம் எழுதியிருக்கிறது, வர்க்கமூலக் குறி எழுதியிருக்கிறது. பதினாறு என்றால் நாலு, எல்லோருக்கும் தெரியும். பதினாறு புள்ளி சுழி நாலுக்கு வகுத்தல் முறையில்தான் மூலம் எடுத்தாக வேண்டும், இந்தக் காலத்தில் வாத்தியார்களே எடுப்பதில்லை. இவர் எடுத்திருக்கிறார். பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஒண்டிக்கொண்டு, நாலு என்று போட்டு பதினாறைக் கழித்து, புள்ளி வைத்து, அடுத்து பூஜ்யம், அடுத்து இன்னொரு பூஜ்யம். 4.00. அதோடு பக்கம் முடிந்துவிட்டது. சங்கரபாண்டியன் சார் அந்த இரண்டு சுழிகளைப் பார்த்தார். விடை வந்துவிட்டது. நாலு. விடைக்குறிப்பில் இருக்கிற அதே நாலு. மொய் வைத்தும் சிதறல் பெரிதாக மாறவில்லை. ஆனால் இந்த ஆளுக்கு முன்னால் ஒன்றுக்கு இரண்டாகச் சுழி வந்து நிற்கிறதே. இவர் சும்மா விடுவாரா? மறுபக்கத்தில் 4.01 என்று இருந்தால் விடைக்கான மதிப்பெண் போய்விடும், முப்பத்து நாலு. வேண்டாம் அய்யா, வேண்டாம் அம்மா, யாராக இருந்தாலும் சரி, இந்த ஒரு தடவை சுழியைச் சுழியாக விட்டுவிடுங்கள், கல்யாண வீடு இல்லை இது, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார். தாள் ஏற்கெனவே எழுதி, உறையில் போட்டு, முத்திரை வைத்து, லாரியில் ஏறி இங்கே வந்து சேர்ந்து நாளாகிவிட்டது என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. பக்கத்தைப் புரட்ட விரல் வரவில்லை. எச்சிலைத் தொட்டுக்கொண்டு புரட்டினார். மறுபக்கத்தின் தலையில் வகுத்தல் தொடர்ந்திருந்தது. இன்னும் இரண்டு பூஜ்யம் இறக்கி, எண்ணாயிரத்து நாலை நாலால் பெருக்கி, முப்பத்திரண்டாயிரத்துப் பதினாறு என்று நாற்பதாயிரத்தில் கழித்து, 'திட்ட விலக்கம் = 4.004' என்று இரண்டு கோடு போட்டு முடித்திருந்தது. சுழியில் நிறுத்த மனசு வரவில்லை. அதனால் ஒன்றைச் சேர்க்காமல், சுழி அல்லாத எண் நியாயமாக வருகிற வரைக்கும் வகுத்துக்கொண்டே போயிருக்கிறார். சங்கரபாண்டியன் சார் அஞ்சையும் போட்டுப் பார்த்தார். எண்ணாயிரத்து ஐந்தை ஐந்தால் பெருக்கினால் நாற்பதாயிரத்து இருபத்தைந்து, மிஞ்சிப்போகிறது, நாலுதான் சரி. கண்ணில் நீர் முட்டியது. மதிப்பீட்டு முகாமில் ஒருத்தன் அழுதான் என்று வெளியே தெரிந்தால் அதற்கும் விளக்கம் கோருவார்கள் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

இப்படி எல்லைக் கோட்டில் நிற்கிற தாளை முதன்மைத் தேர்வாளரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். அந்த அறைக்கு முதன்மைத் தேர்வாளர் எஸ்தர் ராஜம்மாள் டீச்சர், நாசரேத்துப் பக்கம், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாலே செய்யாத தப்பும் ஞாபகம் வந்துவிடும். "டீச்சர், இதுல முதல் படி பிழை, மத்த படியெல்லாம் அதுக்குத் தக்கன சரியா வந்திருக்கு. நாலு போடலாம்னு நினைக்கேன்" என்றார் அவர். டீச்சர் தாளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். "சங்கரபாண்டியன் சாரா மார்க் கேட்டு வாறது?" என்றார்கள். பிறகு ஐந்து எண்களையும் உதடு அசைத்துக் கூட்டி, "நூறுல்லா வருது, நூத்தியொண்ணு எங்கருந்து?" என்றார்கள். அவர் வயதுக் கணக்கைப் புரட்டிக் காட்டினார், 211-ஐக் காட்டினார், மொய்யைச் சொன்னார். டீச்சர் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. "எங்க கோவில்ல அசன விருந்துக்குக் காணிக்க வைக்கும்போதும் அப்படித்தான், ஆயிரத்து ஒண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, "எல்லாத்தையும் நீங்க போட்டுப் பாத்தீங்களா?" என்றார்கள். "பாத்தேன் டீச்சர்." "வர்க்கமெல்லாம்?" "ஒவ்வொண்ணா பாத்தேன்." "அஞ்சு புள்ளி எட்டுக்கு?" எத்தனையோ எண் இருக்க அதைப்போய் ஏன் கேட்கிறார்கள், பூ வரைந்தது இங்கேயிருந்து தெரிந்திருக்குமோ, "முப்பத்து மூணு புள்ளி ஆறு நாலு" என்று பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகத்தில் சொன்னார். டீச்சர் விரலை ஒவ்வொரு வரியாக வைத்து இறங்கினார்கள். விரல் 80.2-ல் நின்றது, 16.04-ல் நின்றது, மறுபக்கம் போய் 4.004-ல் ரொம்ப நேரம் நின்றது. "சராசரிக்கு ஒண்ணு குறைச்சிருங்க. மிச்சம் நாலும் அந்த ஆளு பாடுபட்டு வாங்கினது, அதுல நாம யாரு கை வைக்கதுக்கு" என்றார்கள். அவர் மூச்சை விடுவதற்குள், "என் முன்னாலயே கூட்டுங்க" என்றார்கள். பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார். ஒன்பதும் எட்டும் பதினேழு. ஐந்து மதிப்பெண் பகுதியில் எட்டும் நாலும் பன்னிரண்டு. பதினேழும் பன்னிரண்டும் இருபத்தொன்பது. யாரும் வெளியே சைக்கிள் பூட்டவில்லையே? இல்லை. இருபத்தொன்பதும் ஆறும் முப்பத்தைந்து. டீச்சரும் கூட்டினார்கள், முப்பத்தைந்து. எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருக்கு உடம்பு லேசாகிக் கிடந்தது. "என்னாச்சு சார்?" என்றார் மைதீன். "தேறியாச்சு" என்றார் அவர், தானே தேறினது மாதிரி. சொந்த மகன் பத்தாவது எழுதினபோதுகூட இப்படிப் பதறவில்லை, அதை நினைத்தால் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த ஆளுக்கு இதில் ஒன்றும் தெரியப்போவதில்லை. எவனோ ஒருவன் ஒரு புடவை விளம்பரத்தின் ஓரத்தில் தன்னோடு கூடவே புள்ளி புள்ளியாக நடந்து வந்தான், கடைசிப் பக்கத்தைப் புரட்டப் பயந்து உட்கார்ந்திருந்தான் என்று சொன்னாலும் நம்ப மாட்டார். ரிசல்ட் வருகிற அன்றைக்கு யாருடைய செல்போனிலோ பார்ப்பார், கணக்குக்கு நேரே 35 என்று இருக்கும். அப்புறம் ஆரம்பிப்பார், அது சங்கரபாண்டியன் சாருக்கு இப்போதே கேட்டது: "திருத்தினவன் எவனோ படுகருமியாட்டுல்லா இருக்கான்! உயிரக் குடுத்து எழுதினேன், கணக்குப் பாத்து முப்பத்தஞ்சுல கொண்டு நிறுத்திருக்கான் பாருங்க. இன்னும் ஒரு மார்க் சேத்துப் போட்டிருந்தா அவன் அப்பன் வீட்டுச் சொத்தா கொறஞ்சிருக்கும்?" வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார், மிட்டாய் கொடுத்துக்கொண்டே சொல்வார். சங்கரபாண்டியன் சார் அடுத்த தாளைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய் நிறையத் திட்டட்டும் என்று நினைத்தார். தேறாதவர்களுக்கு அவ்வளவு தெம்பாகத் திட்ட வராது.